தீவு விடுமுறையில் ஆழம் குறைந்த ஸ்கூபா இடத்தைத் தேர்ந்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெப்பமண்டலத் தீவு ஒன்றுக்கு விடுமுறையில் போகிறீர்கள். இரண்டு மூன்று நாளாவது கடலுக்குள் இறங்க ஆசை. ஆனால் டைவ் சென்டரில் மாட்டியிருக்கும் பலகையில் இருபது பெயர்கள் இருக்கின்றன, எது உங்களுக்கு ஒத்துவரும் என்று தெரியவில்லை. அப்படிக் குழம்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பயிற்சியாளர் சொல்லித்தர வேண்டியதை இது சொல்லித்தராது. எங்கே இறங்குவது, எங்கே வேண்டாம் என்று சொல்வது என்பதை நீங்களே பார்த்து முடிவெடுக்க உதவும், அவ்வளவுதான்.

ஆழம் குறைவு என்றால் எத்தனை மீட்டர் வரை?

எங்கும் எழுதிவைத்த எல்லை கிடையாது. நான் 12 மீட்டர் வரை என்று வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் சான்றிதழ் இல்லாமல் பயிற்சியாளரின் கையைப் பிடித்துக்கொண்டு முதல்முறை இறங்குகிறவர்களுக்கு வழக்கமாக வைக்கும் எல்லையும் அதுதான். ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலைச் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு 18 மீட்டர். 3 மீட்டருக்குள் இருப்பதைப் பார்க்க ஸ்கூபாவே தேவையில்லை, மாஸ்க்கும் ஸ்நார்க்கலும் போதும்.

ஆனால் எத்தனை மீட்டர் என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். தரை எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். 10 மீட்டரில் மணல் தரை இருக்கும் இடத்தில் மிதப்பு தப்பினால் மணலில் போய் உட்காருவீர்கள். 10 மீட்டரில் நீந்துகிறீர்கள், ஆனால் அந்தப் பாறைச் சுவர் 60 மீட்டர் வரை கீழே இறங்குகிறது என்றால் கதை வேறு. இரண்டையுமே ‘10 மீட்டர் டைவ்’ என்றுதான் சொல்வார்கள். முதல் சில டைவுகளுக்கு, கீழே தரை தெரிகிற இடமாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆழமாகப் போகப்போகத்தானே நிறைய பார்க்க முடியும்?

இல்லை. இந்த நினைப்பால்தான் பலர் நல்ல இடங்களைத் தவறவிடுகிறார்கள்.

பவளம் ஒரு விலங்குதான், ஆனால் அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்ணிய பாசிதான் அதற்கு வேண்டிய உணவில் பெரும்பகுதியைத் தயாரித்துக் கொடுக்கிறது. அந்தப் பாசிக்கு வெயில் வேண்டும். அதனால் பவளத்திட்டு செழித்து வளர்வது மேல்மட்ட நீரில்தான், பவளம் இருக்கும் இடத்தில்தான் மீன் கூட்டமும் இருக்கும். அப்புறம் நிறம். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். சுமார் 5 மீட்டரிலேயே அது மங்கத் தொடங்கிவிடும், அடுத்து ஆரஞ்சு, பிறகு மஞ்சள். 25 மீட்டரில் டார்ச் அடிக்காமல் பார்த்தால் எல்லாம் நீலச் சாம்பல்தான். அதே சிவப்புக் கடல்விசிறியை 6 மீட்டரில் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

காற்றுக் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருப்பது ஏறக்குறைய 2,200 லிட்டர் காற்று. மேலே வரும்போது கையிருப்பாக இருக்க வேண்டிய 50 பாரைக் கழித்தால் 1,650 லிட்டர். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிற ஒருவர், ஆழத்தில் அழுத்தம் கூடுவதால் 5 மீட்டரில் 30 லிட்டர் இழுப்பார், 10 மீட்டரில் 40, 20 மீட்டரில் 60. அதாவது 5 மீட்டரில் ஏறக்குறைய 55 நிமிடம், 10 மீட்டரில் 41 நிமிடம், 20 மீட்டரில் 27 நிமிடம். புதியவர்கள் பதற்றத்தில் இன்னும் வேகமாக மூச்சு வாங்குவார்கள், அதனால் அவர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் நன்றாக உறைக்கும். ஆழத்தில் உடம்பில் சேரும் நைட்ரஜனின் கணக்கைப் பார்த்தாலும் அப்படித்தான். பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் அட்டவணைப்படி முதல் டைவில் 12 மீட்டரில் 147 நிமிடம் வரை இருக்கலாம், 18 மீட்டரில் 56, 30 மீட்டரில் 20 நிமிடம்தான். 12 மீட்டரில் உங்கள் சிலிண்டர்தான் முதலில் தீரும்.

தீவில் போய் இறங்கியதும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு தீவுக்கும் காற்றடிக்கும் பக்கம் ஒன்று, காற்று மறைவான பக்கம் ஒன்று உண்டு. மறைவுப் பக்கத்தில் அலை அடங்கியிருக்கும், மணல் கலங்காது, படகில் ஏறி இறங்குவதும் சுலபம். கரீபியனில் வணிகக் காற்று கிழக்கிலிருந்து வருவதால் அங்கே பல தீவுகளில் மேற்குக் கரைதான் டைவிங்குக்குப் பேர் போனது. பருவக்காற்று மாறி மாறி வீசும் நம் பக்கத்துக் கடல்களில் இந்த மறைவுப் பக்கமே வருஷத்தில் இடம் மாறும்.

அதனால் தங்குமிடத்தை முன்பதிவு செய்வதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். அழகான கடற்கரை, எதிரிலேயே பவளத்திட்டு என்று நம்பிப் பணம் கட்டியபிறகு, அந்த மாதம் முழுக்க அந்தக் கரையில் அலை ஆளுயரத்துக்கு அடிக்கும் என்று தெரிந்தால் யாருக்கும் வயிறு எரியும்.

அப்படியானால் எந்த மாதம் போக வேண்டும்?

தீவுக்குத் தீவு வேறுபடும், சில நேரம் ஒரே தீவின் இரண்டு கரைகளுக்கே வேறுபடும். இலங்கையில் ஹிக்கடுவ இருக்கும் தென்மேற்குக் கரைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள புறாத்தீவுக்கு மே முதல் செப்டம்பர் வரை. தாய்லாந்திலும் இதே கதைதான். அந்தமான் கடலில் உள்ள சிமிலான் தீவுகளின் தேசியப் பூங்காவை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடிவிடுகிறார்கள், ஆனால் அந்த மாதங்களில் மறுபக்கத்து வளைகுடாவில் இருக்கும் கோ தாவோவில் டைவிங் நடந்துகொண்டிருக்கும். கோ தாவோவுக்கு நவம்பரும் டிசம்பரும்தான் மோசம். அந்தமான் தீவுகளுக்குப் போகிறவர்களுக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பொதுவாகக் கடல் அமைதி.

மழைக்காலம் என்றாலே கூடாது என்பதில்லை. ஆனால் ஆழம் குறைந்த இடங்களைத்தான் மழை முதலில் கெடுக்கும். ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ஒரே இரவு மழையில் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும்.

கடல் ஏற்றம், வற்றம் இதையெல்லாம் நான் பார்க்க வேண்டுமா? வழிகாட்டி பார்த்துக்கொள்ள மாட்டாரா?

பார்த்துக்கொள்வார். ஆனாலும் நீங்களும் பாருங்கள், ஏனென்றால் ஒரே இடம் காலை ஒன்பது மணிக்குக் கண்ணாடி மாதிரியும் மதியம் ஒரு மணிக்குப் பால் கலந்த மாதிரியும் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பல இடங்களில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். காயலை ஒட்டிய பவளத்திட்டாக இருந்தால் ஏற்றத்தின்போது வெளிக்கடலின் தெளிந்த நீர் உள்ளே வரும், வற்றத்தின்போது காயலின் மணலும் குப்பையும் கலங்கி வெளியே வரும். அதனால் காயலுக்குள்ளோ அதன் வாய்ப் பக்கமோ இறங்குவதாக இருந்தால் ஏற்றம் முடியப்போகும் நேரம் நல்லது: தண்ணீர் தெளிவு, இழுப்பும் அடங்கிவரும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஏற்ற வற்றத்தின் வீச்சு அதிகம், நீரோட்டமும் அதிகம். ஒடுங்கிய கால்வாய் போன்ற இடங்களை அந்த நாட்களில் தவிர்த்துவிடலாம். கரீபியனில் ஏற்ற வற்ற வித்தியாசம் பொதுவாக அரை மீட்டருக்கும் குறைவு, அதனால் அங்கே இதைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டியதில்லை, காற்றைத்தான் பார்க்க வேண்டும்.

வற்றத்தில் இன்னொரு தொல்லை, கரையிலிருந்து நடந்து இறங்கும் இடங்களில். போகும்போது இடுப்பளவு இருந்த தண்ணீர் திரும்பி வரும்போது கணுக்காலளவுக்குப் போயிருக்கும். முதுகில் சிலிண்டரோடு பவளத்தின்மேல் நடக்க வேண்டி வரும். அது உங்கள் காலுக்கும் கேடு, பவளத்துக்கும் கேடு.

கரையிலிருந்து இறங்குவது நல்லதா, படகிலிருந்தா?

மணல் கரை, மெல்ல இறங்கும் சரிவு, அலை முழங்காலுக்குக் கீழே என்றால் கரையிலிருந்துதான். மெதுவாக நடந்து போய், நெஞ்சளவு நீரில் நின்று மாஸ்க்கைச் சரிசெய்து, மூச்சு நிதானப்பட்டபிறகு முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கலாம். யாரும் அவசரப்படுத்தப் போவதில்லை. அந்தமானின் ஹேவ்லாக், அதாவது இப்போதைய ஸ்வராஜ் தீவில் நீமோ ரீஃப் என்ற இடத்தில் முதல்முறைக்காரர்களை இறக்குவது இப்படித்தான்.

கல்லும் பாறையுமான கரையாக இருந்தால் யோசிக்க வேண்டும். வழுக்கும் உருண்டைக் கற்கள், மேலே 20 கிலோவுக்கு மேல் சாமான், பின்னாலிருந்து அலை. பலருக்கு முட்டி பிசகுவது கடலுக்குள் இல்லை, கரை ஏறும் இந்தப் பத்து அடியில்தான். முட்டி, இடுப்பு வலி உள்ளவர்கள் படகையே கேளுங்கள், ஆனால் அந்தப் படகில் ஏணி இருக்கிறதா, சாமானைத் தண்ணீரிலேயே கழற்றிக் கொடுக்கலாமா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள். ஏணி இல்லாத சிறிய படகில் ஏறுவதற்குக் கையில் பலம் வேண்டும்.

எப்படிப்பட்ட இடத்தைக் கேட்டு வாங்குவது? காயல், பவளச் சரிவு, ஜெட்டி, மூழ்கிய கப்பல், எல்லாம் இருக்கிறதே?

காயல் அமைதியாக இருக்கும், ஆழம் இருக்காது, முதல் நாள் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. தெளிவு மட்டும் சுமார்தான்.

பவளச் சரிவு என்பது 3 மீட்டரில் தொடங்கி மெதுவாக 12, 15 மீட்டருக்கு இறங்குவது. என்னைக் கேட்டால் விடுமுறைக்காரருக்கு இதுதான் முதல் தேர்வு. போகும்போது 10 மீட்டரில் போய், திரும்பும்போது 5 மீட்டரில் வரலாம். மேலே ஏறுமுன் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கச் சொல்வார்கள் இல்லையா, அந்த மூன்று நிமிடமும் இங்கே பவளத்தைப் பார்த்துக்கொண்டே கழிந்துவிடும்.

வெறும் மணல் தரையைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். சரிவு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில், 6 அல்லது 8 மீட்டரில், ஒரு குழியைக் கண்டுபிடித்து இரண்டு மீட்டர் தள்ளி அசையாமல் நில்லுங்கள். குழி வாசலில் விரல் நீள கோபி மீன் ஒன்று காவல் நிற்கும். உள்ளேயிருந்து ஒரு இறால் புல்டோசர் போல மணலைத் தள்ளிக்கொண்டு வந்து வெளியே கொட்டிவிட்டுத் திரும்பிப் போகும், மறுபடி வரும். அந்த இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அதனால் வெளியே வரும்போதெல்லாம் தன் நீண்ட உணர்கொம்பு ஒன்றை மீனின் மேல் வைத்தபடியேதான் வரும். நீங்கள் கொஞ்சம் நெருங்கினால் மீன் வாலை லேசாகச் சிலுப்பும், அடுத்த நொடி இறால் உள்ளே போய்விடும். இன்னும் நெருங்கினால் மீனும் தலைகீழாக உள்ளே பாய்ந்துவிடும். காத்திருந்தால் முதலில் மீன், பிறகு இறால், மறுபடி மண் தள்ளல். இதைப் பத்து நிமிடம் பார்த்தவர்கள் அடுத்த முறை மணலைத் தாண்டிப் போக மாட்டார்கள்.

ஜெட்டிக்கு அடியிலும் அப்படித்தான். தூண்களில் ஸ்பாஞ்சும் மென்பவளமும் அப்பியிருக்கும், நிழலில் குட்டி மீன்கள் திரளாக நிற்கும். தவளைமீன், கடற்குதிரை, சின்ன கணவாய் எல்லாம் தேடிப் பார்க்க ஏற்ற இடம். ஆனால் படகுப் போக்குவரத்து இருக்கும் ஜெட்டி என்றால் அனுமதியும் நேரமும் கேட்காமல் இறங்கக் கூடாது. தூண்டில்காரர்கள் விட்ட நரம்பும் கிடக்கும்.

மூழ்கிய கப்பல்களில் ஆழம் குறைந்தவையும் உண்டு. அவற்றை வெளியே சுற்றிப் பாருங்கள். உள்ளே நுழைவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், ஆழம் 6 மீட்டராக இருந்தாலும் சரி.

பெயர் சொல்லிச் சில இடங்கள் சொல்ல முடியுமா?

சொல்கிறேன், ஆனால் ஒவ்வொன்றும் ஏன் நல்லது என்பதைக் கவனியுங்கள். அந்தக் காரணம் நீங்கள் போகும் தீவில் எங்கே பொருந்துகிறது என்று தேடலாம்.

கரீபியனில் பொனைர். காற்று மறைவான மேற்குக் கரை நெடுகிலும் பவளத்திட்டு கரைக்குப் பக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது, இறங்கும் இடங்களைச் சாலையோரம் மஞ்சள் வண்ணம் அடித்த கற்களால் குறித்திருக்கிறார்கள். 1979-லிருந்தே கடல் பூங்கா. அங்கே புதிதாக வரும் ஒவ்வொரு டைவரும் முதலில் ஒரு பழக்க டைவ் முடிக்க வேண்டும், கையுறை போடக் கூடாது. கையுறை இல்லையென்றால் யாரும் பவளத்தைப் பிடித்துத் தொங்க மாட்டார்கள் என்பதால் அந்த விதி எனக்குப் பிடிக்கும்.

பாலியின் வடகிழக்கில் துலம்பென். 1942-இல் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கிய லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலை இந்தக் கரையில் கொண்டுவந்து தரைதட்ட வைத்தார்கள். 1963-இல் அகுங் எரிமலை வெடித்தபோது அது கடலுக்குள் சரிந்தது. இப்போது அதன் மேல்பகுதி சுமார் 5 மீட்டரில், அடிப்பகுதி 30 மீட்டரை ஒட்டி. மேல் பாதியை மட்டும் பார்த்தாலே ஒரு சிலிண்டர் போதாது. கரை மட்டும் உருண்டைக் கல், முட்டி பத்திரம்.

கிரெனடாவின் மேற்குக் கரையில் மொலினியர் விரிகுடா. 2006-இல் ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் என்ற சிற்பி தொடங்கிய நீரடிச் சிற்பப் பூங்கா, 5 முதல் 8 மீட்டரில். சிற்பங்கள் மேலேயே ஸ்பாஞ்சும் பவளமும் வளர்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

எதிர் உதாரணமும் வேண்டும். பாலிக்குப் பக்கத்தில் நூசா பெனிடாவின் கிரிஸ்டல் பே. கரையிலிருந்து பார்த்தால் குளம் போலத் தெரியும். ஆனால் விரிகுடாவின் வெளிமுனையில் ஆளைக் கீழே இழுக்கும் நீரோட்டம் வருவது உண்டு. மத்திய அமெரிக்காவில் உள்ள பெலீஸ் நாட்டின் பெரிய நீலக் குழியும் அப்படி. பெயரைக் கேட்டாலே ஆசை வரும், ஆனால் அங்கே ஸ்கூபாவில் பார்க்கப் போவது சுமார் 40 மீட்டரில் தொங்கும் சுண்ணாம்புக் கல் விழுதுகளை. புதியவருக்கு அங்கே வேலை இல்லை.

ஆழம் குறைவு என்றால் ஆபத்தும் குறைவுதானே?

சில ஆபத்துகள் குறைவு. சில ஆபத்துகள் அதிகம். இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

மேற்பரப்பிலிருந்து 10 மீட்டர் இறங்கினால் உங்கள் மேலுள்ள அழுத்தம் இரட்டிப்பாகிறது. 20-லிருந்து 30-க்கு இறங்கும்போது அது மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆக, அழுத்தம் வேகமாக மாறுவது மேலே இருக்கும் அந்த முதல் 10 மீட்டரில்தான். காது வலிப்பது அங்கேதான், மிதப்பு கட்டுக்கடங்காமல் போவதும் அங்கேதான். சிலிண்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால், ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்து வந்தாலும் நுரையீரல் கிழியலாம். நீச்சல் குளத்தில்கூட நடக்கக்கூடியது இது. ஆகவே எந்த ஆழத்திலும் மூச்சைப் பிடிக்காதீர்கள், விட்டுவிட்டு இழுத்துக்கொண்டே இருங்கள். காதைச் சமன்செய்வதை வலி வந்தபிறகு ஆரம்பிக்கக் கூடாது; முதல் அரை மீட்டரிலிருந்தே, ஒவ்வொரு மீட்டருக்கும். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்க வேண்டாம், மருந்து போட்டுக்கொண்டும் வேண்டாம்.

அடுத்தது அலை இழுப்பு. ஓர் அலையின் ஆட்டம் அதன் நீளத்தில் பாதி ஆழம் வரை உணரப்படும், மேலே போகப்போக வலுவாக இருக்கும். அதனால் கடல் ஆடும் நாளில் 4 மீட்டரில் பவளத்தின்மேல் முன்னும் பின்னும் தூக்கி எறியப்படுவீர்கள், அதே இடத்தில் 10 மீட்டரில் சும்மா லேசாக ஆடிக்கொண்டிருக்கும். அலை இருக்கும் நாளில் அதிகம் ஆழமில்லாத இடம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது தவறு.

மூன்றாவது, படகுகள். 3 மீட்டரில் நீந்துகிறவருக்கும் படகு விசிறிக்கும் இடையில் அதிக தூரம் இல்லை. ஜெட் ஸ்கீ ஓடும் கடற்கரையில் டைவ் போகச் சொன்னால் போகாதீர்கள். மிதவைக் கொடி இல்லாமல் கரையிலிருந்து புறப்படும் குழுவோடும் போகாதீர்கள்.

டைவ் சென்டரில் என்னென்ன கேட்பது?

பயப்படாமல் கேளுங்கள். நல்ல சென்டர்காரர்களுக்குக் கேள்வி கேட்கிறவர்களைப் பிடிக்கும். இன்றைக்கு எந்த இடம் என்பதை எப்போது முடிவு செய்வீர்கள்? “காலையில் கடலைப் பார்த்துவிட்டு” என்று பதில் வந்தால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? முதல்முறைக்காரர்களுக்கு இரண்டு பேர் என்றால் நிம்மதி, நான்கு பேருக்கு மேல் என்றால் வேறு சென்டர் பாருங்கள். படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? எவ்வளவு காற்று மிச்சமிருக்கும்போது திரும்புவோம்? நான் பாதியில் மேலே வர விரும்பினால் யார் என்னோடு வருவார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத குழுவில் சேராதீர்கள்.

உடல்நிலைப் படிவம் ஒன்று நீட்டுவார்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை என்று ஏதாவது ஒன்றுக்கு ‘ஆம்’ என்று எழுத வேண்டியிருந்தால் மருத்துவர் கையெழுத்து கேட்பார்கள், தீவில் மருத்துவரைத் தேடி ஒரு நாள் போய்விடும். புறப்படும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் பொய் எழுதாதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் எந்த ஆழத்திலும் ஸ்கூபா செய்யக் கூடாது.

நீச்சல் தெரியாது. இறங்கலாமா?

பயிற்சியாளர் கூடவே பிடித்துக்கொண்டு இறக்கும் அனுபவ டைவுக்கு நீச்சல் தெரியாதவர்களையும் பல இடங்களில் சேர்த்துக்கொள்கிறார்கள். சான்றிதழ்ப் பயிற்சிக்கு நீச்சல் கட்டாயம். என் யோசனை: முதல் நாள் இடுப்பளவு தண்ணீரில் மாஸ்க்கும் ஸ்நார்க்கலும் போட்டு முகத்தை முக்கிப் பழகுங்கள். மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் பதறாமல் மூக்கால் ஊதி வெளியேற்ற வந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். வராவிட்டால் அந்த விடுமுறைக்கு ஸ்கூபா வேண்டாம், அவ்வளவுதான்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

10 வயதிலிருந்து கடலில் இறங்க அனுமதிக்கிறார்கள், 10, 11 வயதுக்காரர்களுக்குச் சான்றிதழ் இருந்தாலும் எல்லை 12 மீட்டர்தான். பிள்ளைக்கு ஆசை இருக்கிறதா, அல்லது உங்களுக்கு ஆசையா என்பதை மட்டும் நேர்மையாகப் பாருங்கள். குழந்தைகளுக்குச் சீக்கிரம் குளிர் எடுக்கும். 28 டிகிரி தண்ணீர்கூட முக்கால் மணி நேரத்தில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், வெட்சூட் போடாமல் இறக்காதீர்கள்.

மிதப்பு சரியாக வரவில்லை, மேலே மேலே போய்விடுகிறேன். என்ன செய்வது?

5 மீட்டரில் நிற்பது 15 மீட்டரில் நிற்பதைவிடக் கடினம், நீங்கள் மட்டும் தடுமாறுவதாக நினைக்க வேண்டாம். ஒரு மீட்டர் ஏறினாலே, காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் பிசிடி ஜாக்கெட்டில் இருக்கும் காற்று நன்றாக விரிந்து இன்னும் மேலே தூக்கும். அதோடு அலுமினிய சிலிண்டர் காலியாக ஆகத் தானும் மிதக்கத் தொடங்கும், டைவ் முடிவில் ஏறக்குறைய இரண்டு கிலோ பாரம் குறைந்த மாதிரி. ஆகவே கட்டிக்கொள்ளும் ஈயப் பாரம் எவ்வளவு வேண்டும் என்று பார்க்கும்போது டைவ் முடிவில், 50 பார் மிச்சத்தோடு 5 மீட்டரில் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். ஜாக்கெட்டில் காற்றை அமுக்கி அமுக்கி ஏற்றாமல் மூச்சாலேயே சரிசெய்யப் பழகுங்கள். பழகும் வரை பவளத்திலிருந்து தள்ளி, மணலுக்கு மேலே நில்லுங்கள். காலில் மாட்டிய ஃபின் ஒரு முறை தட்டினால் உடைகிற கிளைப்பவளம், வளர்ந்து வரப் பல வருஷம் ஆகும்.

கடிக்கிற, கொட்டுகிற பிராணிகள்?

சுறாவை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் கவனிக்க வேண்டியது காலுக்கடியில். கல்மீன் கல்லைப் போலவே கிடக்கும், அதன் முதுகு முள் தைத்தால் தாங்க முடியாத வலி. பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் முக்கி வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். நடந்து இறங்கும் இடங்களில் தடித்த அடியுள்ள காலணி போடுங்கள், காலைத் தேய்த்துத் தேய்த்து நடங்கள். கூம்பு வடிவச் சங்கு அழகாகக் கிடந்தாலும் எடுக்காதீர்கள், சில வகைகளின் விஷம் ஆளைக் கொல்லும். நுனி வெளுத்த மஞ்சள் பழுப்புப் பவளம் போல இருப்பது நெருப்புப் பவளமாக இருக்கலாம், பட்டால் எரியும்.

இந்தோ-பசிபிக் கடல்களில் கூடு காக்கும் பெரிய கிளாத்தி மீன் விரட்டிக் கடிக்கும். அது தன்னுடையதாக நினைக்கும் இடம் கூட்டிலிருந்து மேல்நோக்கி அகன்று போகும் கூம்பு. ஆகவே மேலே ஏறித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். ஃபின்னை அதன் பக்கம் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் விலகிப் போங்கள்.

பவளமெல்லாம் வெளுத்துப்போய்விட்டது என்கிறார்களே, போய்ப் பயன் உண்டா?

உண்டு, ஆனால் விசாரித்துப் போங்கள். கோடைக்கால உச்ச வெப்பத்தைவிடத் தண்ணீர் ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீடித்தால் பவளம் உள்ளே இருக்கும் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். உலக அளவிலான நான்காவது பவள வெளுப்பு நடப்பதாக 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். அடி வாங்குவதில் ஆழம் குறைந்த பகுதிகள்தான் முதல் வரிசை. வெள்ளையாக இருப்பது இன்னும் உயிரோடு இருக்கலாம், சூடு தணிந்தால் மீளலாம்; மேலே பழுப்புப் பாசி படர்ந்திருந்தால் அது செத்துவிட்டது.

“பவளம் நன்றாக இருக்கிறதா?” என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். “கடைசி வெளுப்புக்குப் பிறகு எந்த இடம் நன்றாகத் தப்பித்தது?” என்று கேளுங்கள், வழிகாட்டிகளுக்கு இது நன்றாகத் தெரியும். நீர் ஓட்டம் இருக்கும் சரிவுகளும், அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலேறும் பக்கங்களும் பெரும்பாலும் கொஞ்சம் தப்பித்திருக்கும். சன்ஸ்கிரீனுக்குப் பதிலாக முழுக்கைச் சட்டை போடுங்கள். பலாவ் நாடு பவளத்துக்குக் கேடான சன்ஸ்கிரீன்களை 2020-லேயே தடைசெய்துவிட்டது.

ஒரே இடத்தில் மறுபடி இறங்குவது வீண்தானே?

விடுமுறையில் மூன்று டைவ்தான் முடியும் என்றால் நான் இரண்டை ஒரே இடத்தில் செய்யச் சொல்வேன், ஒன்று காலையில், ஒன்று அந்தி சாய்ந்தபிறகு. பகலில் பார்த்த இடம் என்பதால் இருட்டில் வழி தெரியும், 8 மீட்டர் ஆழமே போதும். பகலில் பவளத்தைக் கொறித்துக்கொண்டிருந்த கிளிமீன் இரவில் பாறை இடுக்கில் படுத்துக்கிடக்கும், சில வகைகள் தன் உடம்பைச் சுற்றி வழவழப்பான உறை ஒன்றைக் கட்டிக்கொண்டு உள்ளே தூங்கும். டார்ச்சை நேரே அதன் கண்ணில் அடிக்காதீர்கள், பக்கத்தில் அடித்தாலே தெரியும். ஆளுக்கு இரண்டு டார்ச் இருக்க வேண்டும்.

கடைசி நாள் காலையில் ஒரு டைவ் போட்டுவிட்டு மாலை விமானம் ஏறலாமா?

கூடாது, 6 மீட்டர் டைவாக இருந்தாலும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறார்கள் டைவிங் மருத்துவர்கள். மலை உச்சிக்கு வண்டியில் ஏறிப் போவதும் இதே கணக்கில்தான் சேரும். எரிமலைத் தீவுகளில் காலையில் டைவ், மதியம் மலை என்று திட்டம் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். டைவை விடுமுறையின் முன்பாதியிலேயே முடித்துவிட்டு, கடைசி நாளுக்கு ஸ்நார்க்கலை வைத்துக்கொள்ளுங்கள்.